பாய் வீட்டில் அடித்த வெள்ளை

தம்பிகளா,

பெயின்ட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி நம் ஆட்கள் கேட்டார்கள். சுவருக்குப் பட்டி பார்ப்பது எப்படி, பனி இறங்கும் மாதங்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு உங்கள் செல்போனிலேயே வீடியோ கொட்டிக் கிடக்கிறது. பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லை கெட்டுப்போங்கள், அது உங்கள் பாடு. நான் ஒரே ஒரு சாப்பாட்டு அறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த அறையைப் பார்த்த எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இன்றைக்கும் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டில் பிறந்து, மீசை அரும்பும் முன்பே கொடைக்கானல் மலையேறி வந்தவன். சுண்ணாம்பில் ஆரம்பித்து, டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பழகினேன். ஊரெல்லாம் ஹோம்ஸ்டே ஆன பிறகு பெயின்டோடு லைட் வேலையும் சேர்த்து காண்ட்ராக்ட் எடுத்தேன். பழைய வீடுகளின் இருட்டு அறைகளை வெளிச்சமாக்கித் தரச் சொல்லி ஆட்கள் தேடி வந்தார்கள். வேலை கூடக் கூட வாயும் நீண்டது. "இந்த மலைச் சுவரப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல" என்று பெயின்ட் கடை வாசலில் நின்று பேசுவேன். கடைக்காரர் சரக்கு விற்க வேண்டுமே, அவரும் ஆமாம் போடுவார்.

இங்கே பழைய வீடுகளில் சுவரின் அடிப்பாகத்தில், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும், அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை அடித்திருப்பார்கள். பச்சை, அரக்கு, சாம்பல், ஏதாவது ஒன்று. அது எதற்கென்று உங்களுக்கே தெரியும். கீழிருந்து ஈர ஓதம் ஏறிச் சுவர் கறுத்தாலும் அந்த நிறத்தில் தெரியாது. அதனால் வீட்டுக்காரர் யாராவது "பட்டைய விட்டுருங்க" என்றால் நமக்கு ஓதம்தான் ஞாபகத்துக்கு வரும். மதுரையிலிருந்து ஒரு பெயின்டர் வந்திருந்தால் "ஏன் சார்?" என்று கேட்டிருப்பான். மலைக்காரப் பெயின்டருக்குக் கேட்கத் தோன்றாது. எல்லாம் தெரியும் அல்லவா நமக்கு.

பாய் என்று நாங்கள் கூப்பிட்டவர் பஜாரில் கம்பளி, ஸ்வெட்டர் கடை வைத்திருந்த ராவுத்தர். கடையை விட்டுவிட்டு, மனைவியும் போன பிறகு, பஜாருக்கு மேலே சரிவில் இருந்த தன் வீட்டில் தனியாக இருந்தார். சமைக்க ஓர் அம்மா பகலில் வந்து போவார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வரும்போது பாய் தனியாக வரமாட்டார். மலைக்கிராமமான பூண்டியிலிருந்து கேரட் ஏற்றி வந்த லாரி டிரைவர், பஜாரில் மூட்டை தூக்குகிறவர், வழியில் அகப்பட்டால் நான், யாராவது கூட வருவோம். எல்லாரையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து அவரே பரிமாறுவார். சமைத்த அம்மாவைக்கூட கரண்டியைத் தொட விடமாட்டார். "வந்தவங்களுக்கு என் கையால வச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்பார். என் தட்டில் அவர் வைத்த சோறு கொஞ்சநஞ்சமில்லை.

அவருடைய மகன் அன்வர் கோயம்புத்தூரில் இருந்தார். அத்தாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி வருடக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாய் மசியவில்லை. "அங்க வந்தா நான் யாருக்குச் சோறு போட?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். அன்வர் என்னிடமே ஒரு தடவை சொன்னார்: "எங்கயாச்சும் விழுந்தாரு, தடுமாறுனாருன்னு ஒரு வார்த்தை காதுல விழட்டும்ணே. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்." அப்பா மேல் உயிர் அவருக்கு. அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

அன்வரின் மகளுக்குப் பழனியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே லாட்ஜ் வைத்திருப்பவர். பெண்ணின் தாத்தா வீட்டில் ஒரு விருந்து வைப்பது என்று பேச்சானது. அன்வர் எனக்குப் போன் போட்டார். "அண்ணே, அந்த டைனிங் ரூம் இருட்டடைஞ்சு கெடக்கு. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா எங்க உக்கார வைக்க? ஒயிட்டா, நீட்டா, ஹோட்டல் மாதிரி மாத்திக் குடுங்க. வெரசா முடிச்சிருங்க." கூடவே நாலைந்து படம் அனுப்பினார். சுவர், கூரை, மேசை எல்லாம் ஒரே வெள்ளை.

அறை இருட்டாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. கீழே கரும்பச்சைப் பட்டை, மேலே புகை பிடித்த மஞ்சள் சுவர். மேசையின் மேல் மெரூன் ரெக்சின் விரித்திருந்தது. அதற்கு நேர் மேலே, தகர மூடி போட்ட ஒற்றை விளக்கு, உட்கார்ந்திருப்பவர் தலைக்குக் கொஞ்சம் உயரத்தில் தொங்கும். வெளிச்சம் மேசையை விட்டு வெளியே போகாது. நான் அளவெடுக்கப் போனபோது பாய் கதவிலிருந்து மேசை வரைக்கும் என் கூடவே வந்தார். வரும்போது பட்டையின் மேல் விளிம்பைப் புறங்கையால் தடவிக்கொண்டே வந்தார். ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"மாரி, அந்தப் பச்சைப் பட்டைய மட்டும் விட்டுருப்பா" என்றார்.

"எதுக்கு பாய்? இப்ப ஓதம் ஏறாம இருக்க கெமிக்கலு வந்திருக்கு. அடியில அத அடிச்சிட்டா செவுரு பால் மாதிரி கெடக்கும்."

"ஓதத்துக்குச் சொல்லலப்பா" என்று இழுத்தார்.

"ஓதத்துக்கு நான் கேரண்டி. விடுங்க."

அவர் தொங்கிக்கொண்டிருந்த விளக்கின் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, அந்த வெளக்காவது எறங்கியே கெடக்கட்டும்" என்றார்.

"வர்றவங்க தலையில இடிக்கும் பாய். சீலிங் பூரா லைட்டு வருது. கீழ ஊசி விழுந்தாலும் எடுத்துறலாம்."

"ஊசி எடுக்குற வயசா எனக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு டேப்பை நீட்டினேன். பணம் கொடுப்பவர் அன்வர், படம் அனுப்பியவர் அன்வர், பாய்க்குப் பழசின் மேல் ஆசை, அவ்வளவுதான் என் கணக்கு. ஒரு மனுஷன் இரண்டு பொருளைக் காட்டி இரண்டு தடவை கேட்கிறார், அதுவும் தன் வீட்டில், தான் சாப்பிடும் அறையில். ஏன் என்று கேட்க எனக்கு நாக்கு புரளவில்லை.

வேலை அருமையாக வந்தது. சுவருக்கும் கூரைக்கும் ஒரே வெள்ளை அடித்தேன். கூரையில் வரிசையாக எல்இடி பதித்தேன். ரெக்சினை உரித்துப் போட்டுவிட்டு மேசைக்குப் பளபளவென்று வெள்ளை மைக்கா ஷீட் ஒட்டலாம் என்று சொன்னதும் நான்தான், அது அன்வரின் படத்தில்கூட இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் நிழல் விழாது. அதை வேறு நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முடித்த அன்று பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசல்படியில் நின்றார். "நல்லாருக்கு மாரி" என்றார். அப்புறம், "மேசைய நகட்டிட்டியாப்பா?" என்று கேட்டார்.

"இல்லையே பாய், அங்கனயேதான் கெடக்கு."

சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து உள்ளே வந்தார். தரை வழுக்கும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "நல்லா தொடச்சாச்சு பாய், தைரியமா வாங்க" என்றேன். எவ்வளவு பெரிய மடையன் நான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார் பாய். "புது ரூமுல மொதச் சாப்பாடு. அதச் செஞ்சவன் இல்லாம எப்படி?" என்றார். முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்தோம். பழனிக்காரச் சம்பந்தி, அவருடைய தம்பி, அன்வர், மேசைக் கோடியில் நான். அன்வர் விருந்துக்கென்று புதுத் தட்டுகள் வாங்கி வந்திருந்தார். அவையும் வெள்ளை.

சம்பந்தி உட்கார்ந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார். "யாரு செஞ்சது இது?" என்று கேட்டார். அன்வர் என்னைக் காட்டினார். "நம்ம லாட்ஜு டைனிங் ஹாலு பழசாக் கெடக்கு. இதே மாதிரி செஞ்சு குடுங்களேன். ஒரு நா பழனிக்கு வாங்க" என்றார் என்னிடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹோம்ஸ்டே அறைகளை விட்டு லாட்ஜுக்கே போகப்போகிறோம் என்ற நினைப்பில் பிரியாணி வாசனைகூட மூக்கில் ஏறவில்லை.

பாய் பாத்திரத்தோடு வந்தார். "அத்தா, நீங்க உக்காருங்க, நான் வைக்கிறேன்" என்று அன்வர் எழுந்தார்.

"சம்பந்தி தட்டுல நான் வைக்காம வேற யாரு வைப்பா? நீ உக்காருப்பா."

பிஸ்மி சொல்லி முதல் கரண்டி பிரியாணியை வைத்தார். பாதி தட்டில் விழுந்தது, பாதி மேசையில். சம்பந்தி பார்க்காத மாதிரி அதைக் கையால் தட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டார். நல்ல மனுஷன். பாய் தால்ச்சா கிண்ணத்தை எடுத்து வந்து குனிந்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க இருந்த தால்ச்சா சம்பந்தியின் கையில் விழுந்து மேசையில் ஓடியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சம்பந்தி கையை உதறினார். அன்வர் எழுந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அத்தா, தட்டு தெரியலயா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாம என்னப்பா" என்றார் பாய். "இந்தப் புது வெளக்கு கண்ணக் கூசுது. எல்லாம் ஒண்ணாத் தெரியுது." பிறகு நான் இருந்த பக்கமாகத் திரும்பினார். "மாரி, நீயே சொல்லேன். இது கூசத்தானே செய்யுது?"

தம்பிகளா, எனக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. புறங்கையால் சுவரைத் தடவி வந்தது, பச்சை எங்கே முடிகிறது என்று பார்த்து வழி பிடிப்பதற்கு. மெரூன் ரெக்சினில் வைத்த தட்டு அவருக்குத் தெரிந்தது. தாழ்ந்த விளக்கு மேசை எங்கே இருக்கிறது என்று சொன்னது. ஓதத்துக்குச் சொல்லல என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். கொஞ்சமாக மிஞ்சியிருந்த பார்வையை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், அவர் அந்த வீட்டில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். நான் போய் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் என்னிடம் பொய்கூடக் கேட்கவில்லை. விளக்கு நிஜமாகவே கூசியது. அந்தப் பளபளப்பு மைக்காவில் பட்டுத் திரும்பி அடித்தது. "ஆமா பாய், வெளிச்சம் ஜாஸ்தியாப் போச்சு, நாளைக்கே கொறச்சுத் தாரேன்" என்று சொன்னால் முடிந்தது. பழியை உன் வேலையின் மேல் போட்டுக்கொள், என்னை இந்த வீட்டில் இருக்கவிடு, இவ்வளவுதான் அவர் கேட்டது. சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இல்லீங்களே பாய்" என்றேன் நான். "இது கூசாத லைட்டு. பார்த்துத்தான் போட்டிருக்கேன்."

பாய் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். அன்வர் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். "அத்தா, என் கை எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"சம்பந்தி சாப்பிட்டு முடிக்கட்டும்ப்பா" என்றார் பாய். "அப்புறம் கேளு."

சம்பந்திதான் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "மாமா, எம் பக்கத்துல உக்காருங்க, சேர்ந்து சாப்புடுவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பாய் உட்கார்ந்தார், ஆனால் கையை நனைக்கவில்லை. அன்வர் பரிமாறினார். நான் சாப்பிட்டேன். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. இரண்டாம் முறை வைத்ததையும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.

அந்த வாரமே பாயைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கண் நரம்பில் கோளாறு, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வீட்டை ஹோம்ஸ்டேக்கு விட்டார்கள். வந்து தங்குகிறவர்கள் அந்தச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து படம் எடுத்துப் போடுகிறார்கள், அதைப் பார்த்து எனக்கு வேலை வந்தது. பழனி லாட்ஜ் வேலையையும் நான்தான் செய்தேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் செய்தேன்.

மனசுக்குள் நான் எனக்காக வாதாடாத வாதம் இல்லை. அவருக்குக் கண் தெரியாதது நிஜம்தானே, நான் இல்லாததையா சொன்னேன், என்றைக்காவது தெரிய வேண்டியதுதானே என்றெல்லாம். எல்லாம் சப்பைக்கட்டு. விளக்கு கூசியது எனக்குத் தெரியும். லாட்ஜ் வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று பொய் சொன்னேன். எனக்குச் சோறு போட்டவரைச் சபையில் காட்டிக்கொடுத்தேன். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டுதான். யாராவது ஒன்றைக் காட்டி இதை மட்டும் விடுங்கள் என்றால், பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். இன்னொன்று, நாலு பேர் முன்னால் உங்கள் வேலையைக் குறை சொன்னால் உடனே துள்ளாதீர்கள். சொல்கிறவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். நான் கவனித்தேன், அப்படியும் துள்ளினேன்.

வேலையை விட்ட பிறகு, மனசு கேட்காமல், கோயம்புத்தூருக்குப் போனேன். மாடி வீடு. "அத்தா, கொடைக்கானல்ல இருந்து மாரியண்ணன் வந்திருக்காரு" என்றார் அன்வர். பாய் முகம் மலர்ந்துவிட்டது. "வாப்பா, வா. மேல பனி எறங்கிருச்சா? சாப்பிட்டியா நீ?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியின் கைகளை ஊன்றி எழப்போனார். பாதியில் நிறுத்தி உட்கார்ந்துகொண்டார். "அன்வரு, மாரிக்குச் சோறு வைப்பா" என்றார்.

அன்வர் அடுப்படிக்குப் போனதும் நான் பாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பாய், அன்னைக்கு வெளக்கு கூசத்தான் செஞ்சுது. நான் தெரிஞ்சே மாத்திச் சொன்னேன். அன்வர்கிட்ட இப்பவே சொல்லிர்றேன். பட்டைய அடிச்சு, வெளக்கத் தொங்கவிட்டு, மேசைக்குப் பழையபடி ரெக்சின் போட்டுத் தாரேன். நீங்க அங்க வந்து இருக்கலாம்."

"மெதுவாப் பேசுப்பா" என்றார் அவர். அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்சம் கவனித்தார். "அவனுக்குக் கேட்டுறப் போகுது. கண்ணு தெரியாத மனுசனத் தனியா விடாம கூட்டியாந்துட்டோம்னு பய நிம்மதியா இருக்கான். நான் அங்கனயே இருந்திருக்கலாம்னு தெரிஞ்சா ஒறங்குவானா அவன்? சொல்லாத."

"என்னைய வையவாவது செய்யுங்க பாய்."

"வஞ்சு என்னப்பா ஆகப்போகுது?" என்றார். மன்னித்தேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அன்வர் தட்டோடு வந்தார்.

சாப்பிட்டதும் அன்வரே என்னைத் தன் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தார். நான் ஏற வேண்டிய பழனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. "அண்ணே, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "அன்னைக்கு அத்தா கேட்டதுக்கு நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நாங்க நம்பியிருப்போம். அவரு தனியாக் கெடந்து எங்கயாச்சும் விழுந்திருப்பாரு. இத்தனை பேர் முன்னால, அவரு மனசு சங்கடப்படும்னு தெரிஞ்சும், நீங்க ஒருத்தர்தான் உண்மையச் சொன்னீங்க. அத நாங்க மறக்க மாட்டோம்."

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.